நாற்காலி போதாத அறை

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் எக்செல் வைத்திருப்பவர்கள் இந்த உரை முடிந்ததும் ஒரு காரியம் செய்து பாருங்கள். வெற்றுக் கட்டம் ஒன்றில் 60 என்று அடித்து, அதைத் தேதியாகக் காட்டச் சொல்லுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாள் விடியவே இல்லை. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு; 1900 அதில் சேராது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் போட்ட தப்புக் கணக்கு அது. அதன் கோப்புகள் தன்னிடமும் பிசகாமல் திறக்க வேண்டும் என்று எக்செல் தெரிந்தே அந்தத் தப்பை வாங்கி வைத்துக்கொண்டது. வியாபாரத்தில் அது நியாயம்தான். ஆனால் அந்த இல்லாத நாளையும் சேர்த்துத் தன் கோப்பு வடிவத்தை உலகத் தரமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எக்செல்லை விற்கும் மைக்ரோசாஃப்ட் கேட்டபோது வம்பு வந்தது.

வேர்டில் சேமித்த டாக்எக்ஸ் கோப்பு ஒன்றின் பெயரில் உள்ள வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே சில அடைவுகள் இருக்கும். அவற்றில் ஒன்றில் நீங்கள் அடித்த தமிழ் அப்படியே இருக்கும், முன்னும் பின்னும் குறிச்சொற்களோடு. எந்தக் குறி எதற்கு என்று சொல்லும் விதிப்புத்தகம்தான் கோப்பு வடிவத்தின் தரநிலை. அது எல்லார் கையிலும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பைத் திறக்க ஒரு மென்பொருள் எழுதலாம்.

அப்படி ஒரு புத்தகம் முதலில் வந்தது. ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவம் 2005 மே மாதம் ஓயசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பிலும், அடுத்த ஆண்டு உலகத் தரங்களை வகுக்கும் ஐஎஸ்ஓவிலும் ஏற்கப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2005-லேயே தன் அரசு ஆவணங்களுக்கு அதைத் தேர்ந்தெடுத்தது. ஓர் அரசு தன் சொந்தக் கோப்பைப் படிக்க ஒரே கம்பெனியின் கடைக்குப் போக வேண்டியதில்லை என்ற எண்ணம் மற்ற நாடுகளுக்கும் பரவினால் என்ன ஆகும்? மைக்ரோசாஃப்ட் கணக்குப் போட்டது. தன் வடிவத்தை ஆஃபீஸ் ஓப்பன் எக்ஸ்எம்எல் என்ற பெயரில் எக்மா என்ற இன்னொரு தர நிர்ணய அமைப்பிடம் கொண்டுபோனது. ஓடிஎஃப் வடிவில் எழுதும் போட்டி மென்பொருளின் பெயர் ஓப்பன் ஆஃபீஸ். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் புண்ணியவான்கள்.

2006 டிசம்பரில் எக்மா அதை ஏற்றது. எதிர்த்து வாக்களித்தது ஐபிஎம் மட்டும். அங்கிருந்து ஐஎஸ்ஓவின் விரைவுப் பாதைக்கு வந்தது. புத்தகம் 6,000 பக்கங்களுக்கு மேல். ஓடிஎஃப் புத்தகம் சுமார் 700 பக்கம்தான். வாக்களிக்கும் நாடுகளுக்குக் கொடுத்த அவகாசம் ஐந்து மாதம். ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் படித்தாலும் நாளுக்கு நாற்பது பக்கம்.

படித்தவர்கள் திகைத்த இடங்கள் உண்டு. ‘வேர்டு 95 போல இடைவெளி விடு’, ‘வேர்டு 97 போல வரியை முறி’ என்று சில குறிகள். வேர்டு 95 எப்படி இடைவெளி விட்டது என்பது புத்தகத்தில் இல்லை. ‘அத்தை வைப்பதுபோல் வத்தக்குழம்பு வை’ என்று சமையல் குறிப்பு எழுதினால் எப்படி இருக்கும்? அத்தை வீட்டுப் பிள்ளைகளால் மட்டும்தான் அதை வைக்க முடியும்.

மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உலகெங்கும் குவிந்து கிடக்கும் பழைய கோப்புகளைச் சேதமில்லாமல் புது வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற வாதத்தில் சத்து இருக்கிறது. எதிரணியில் நின்ற ஐபிஎம்முக்கும், ஓப்பன் ஆஃபீஸின் பின்னால் இருந்த சன் கம்பெனிக்கும் விற்க வேண்டிய சரக்கு இருந்தது; அவர்களும் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். எனக்கு உறுத்துவது வேறு. புத்தகத்தில் இருந்த கேள்விகளுக்குப் புத்தகத்தைத் திருத்திப் பதில் சொல்வதற்கு முன்பே, வாக்களிக்கும் அறையை நிரப்பும் வேலை தொடங்கிவிட்டது.

சுவீடனைப் பாருங்கள். ஐஎஸ்ஓவில் தங்கள் நாட்டின் வாக்கு என்ன என்று முடிவுசெய்ய, 2007 ஆகஸ்டில் அந்நாட்டுத் தர நிர்ணய அமைப்பின் குழு கூடியது. அதுவரை அந்தப் பக்கம் தலைகாட்டாத இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடைசி நேரத்தில் கட்டணம் கட்டி உறுப்பினராகி உள்ளே வந்தன. பெரும்பாலானவை மைக்ரோசாஃப்ட்டின் வியாபாரக் கூட்டாளிகள். ஆதரவு 25, எதிர்ப்பு 6, நடுநிலை 3. கட்டணம் கட்டினால் சேரலாம் என்பது விதி. ஆகவே விதிமீறல் இல்லை. பிறகுதான் ஒரு மின்னஞ்சல் வெளியே வந்தது. குழுவில் சேர்ந்து வாக்களித்தால் விளம்பர உதவி கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் கூட்டாளிகளுக்கு எழுதியிருந்தார். அது ஊழியரின் தவறு என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் வாக்கெடுப்பு ரத்தானது அதனால் அல்ல. ஓர் உறுப்பினரின் வாக்கு ஒன்றுக்கு மேல் பதிவாகியிருந்ததால்! சுவீடனின் வாக்கு கடைசியில் யாருக்கும் இல்லாமல் போனது.

போர்ச்சுகலில் ஐபிஎம், சன் பிரதிநிதிகளுக்கு அறையில் நாற்காலி இல்லை என்று பதில் வந்தது. நின்றுகொண்டாவது பேச விட்டிருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த செப்டம்பரில் வரைவு தோற்றது. முழுப் பங்கேற்பு நாடுகள் 32-ல் 17 மட்டுமே ஆதரித்தன. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வந்து குவிந்த ஆட்சேபங்களில் ஒரே மாதிரியானவற்றைக் கழித்த பிறகும் ஆயிரத்துக்கு மேல் மிஞ்சின. அவற்றைத் தீர்க்க 2008 பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐந்து நாள் கூட்டம். ஒவ்வொன்றாகப் பேச நேரமில்லாததால் பெரும்பாலானவற்றை மொத்தமாக வாக்குச்சீட்டில் எழுதி முடித்தார்கள். ஏப்ரலில் முடிவு வந்தது: 32-ல் 24 ஆதரவு.

அந்த ஆதரவில் நார்வேயும் ஒன்று. அங்கே குழுவில் பெரும்பான்மையினர் வேண்டாம் என்றபோதும் அந்நாட்டுத் தர நிர்ணய அமைப்பு ‘ஆம்’ என்று எழுதி அனுப்பியது. ஆஸ்லோ தெருவில் கோப்பு வடிவத்துக்காக மக்கள் பதாகை பிடித்து நின்றார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் குழுவின் 23 பேரில் 13 பேர் விலகிவிட்டார்கள்.

இந்தியா இரண்டு முறையும் எதிர்த்தது. 2008 மார்ச்சில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குழுவில் எதிர்ப்பு 13, ஆதரவு 5. பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலாவோடு சேர்ந்து மேல்முறையீடும் செய்தது. ஆகஸ்டில் அது தள்ளுபடியாகி, நவம்பரில் ஐஎஸ்ஓ 29500 வெளிவந்தது. அந்தக் காலத்தில்தான் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டும் லினக்ஸ் இயங்குதளத்துக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் மாறிக்கொண்டிருந்தது.

ஜெனீவாவில் ஒரு சமரசம் நடந்தது. பழைய சுமைகளை எல்லாம் ‘இடைக்கால’ வடிவம் என்று ஒதுக்கிவிட்டு, சுத்தமான ‘கண்டிப்பான’ வடிவத்தைத் தனியே வைத்தார்கள். ஆஃபீஸ் 2010 இடைக்கால வடிவத்தில்தான் எழுதியது. ஜெனீவா கூட்டத்தை நடத்திய அலெக்ஸ் பிரவுனே அதைப் பகிரங்கமாகக் குறைகூறினார். 2013 பதிப்பில் கண்டிப்பான வடிவத்தில் சேமிக்கும் வசதி வந்தது. ஆனால் நாம் எதையும் தேர்ந்தெடுக்காமல் சேமித்தால் இன்றும் விழுவது இடைக்கால வடிவம்தான். சேமிக்கும்போது வரும் பட்டியலைக் கீழே இழுத்துப் பாருங்கள், அந்த இன்னொரு பெயர் இருக்கும். நான் போன எந்த அலுவலகத்திலும் அதைத் தொட்ட ஒருவரை இதுவரை பார்க்கவில்லை. வணக்கம்.