வெறுங்கையோடு எப்படி வருவது?

நேயர்களுக்கு வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில், கோரையாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் பால்வாடியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பெயர்ப்பலகையில் அங்கன்வாடி என்று எழுதிய பிறகும் ஊர் வாய்க்கு அது பால்வாடிதான். எனக்கும் அப்படியே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டையும் டீயில் நனைத்த பிஸ்கட்டையும் பெற்றோர் ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், பலரும் ‘அறியாமை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. பெட்டிக்கடை வாசலில் சரஞ்சரமாகத் தொங்குவது பிள்ளைக்கு ஆகாது என்று தெரியாத தாயை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஒரு குறுவை நடவுக் காலம். மூன்று வயதுப் பையன் ஒருவன் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியெல்லாம் மசாலாத் தூள் அப்பியிருக்க, கசங்கிய பாக்கெட்டோடு வருவான். மதியம் சாம்பார் சாதத்தை உருட்டி உருட்டித் தட்டின் ஓரத்தில் அடுக்கிவைப்பானே தவிர, வாயில் வைக்க மாட்டான். முட்டை போடும் நாளில்கூட வெள்ளையை மட்டும் கடித்துவிட்டு எழுந்துவிடுவான். மூன்று மாதமாக அவன் எடை ஏறவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலு பெண்கள் இருக்கும்போது அவன் தாயைக் கூப்பிட்டு, “பிள்ளைக்கு விஷத்தையா வாங்கிக் கொடுக்கிறாய்?” என்று கேட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து பத்து நாள் பிள்ளை பால்வாடிக்கு வரவில்லை.

பதினோராம் நாள் மாலை அவர்கள் வீட்டுக்கு நானே போனேன். அந்தப் பெண் அப்போதுதான் வயலிலிருந்து வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு, இன்னும் கால்கூடக் கழுவவில்லை, அதற்குள் பையன் கையில் பாக்கெட். என்னைப் பார்த்ததும் அவள் சொன்னதை இன்றும் நான் மறக்கவில்லை: “வெறுங்கையோட எப்படி டீச்சர் வர்றது? வாசப்படி ஏறுறப்ப அவன் என் மூஞ்சியையா பாக்குறான், கையைத்தானே பாக்குறான்.”

எனக்கு என் தாயின் நினைவு வந்துவிட்டது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்பது நம் பக்கத்து வழக்கம். பிறகு பனி ஈரத்திலேயே அது வளர்ந்துவிடும். பங்குனியில் பயறு எடுக்கப் போய்வரும் அம்மாவின் மடியில் பிஞ்சும் முற்றலுமாகப் பயற்றங்காய் இருக்கும். நாங்களும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நேயர்களே, மடியைத்தான் பார்த்தோம். காயைக் கீறிப் பச்சையாகத் தின்போம். நகக்கண்ணெல்லாம் பச்சை ஏறிவிடும். இன்றைக்கும் அந்த வயல்களில் பயறு விளையத்தான் செய்கிறது. மூட்டையாகி விலைக்குப் போகிறது, திரும்பி வரும் கையில் பாக்கெட் இருக்கிறது.

ஆகவே நான் அவளிடம் வாங்காதே என்று சொல்லவில்லை. கையில் இருப்பதை மட்டும் மாற்றிப்பார் என்றேன். மறுநாள் ஒரு பூவன் பழம் கொண்டுவந்தாள். நான்கு நாள் புரண்டு அழுதான், ஐந்தாம் நாள் உரித்துக் கேட்டான். முழுதாக நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமைக் கூலியோடு ஒரு பாக்கெட் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மதியச் சோறு உள்ளே இறங்கியது.

அதற்குக் காரணம் உண்டு. அந்த வயதுப் பிள்ளையின் இரைப்பை மிகச் சிறியது. காலையில் அது உப்பாலும் எண்ணெயாலும் நிரம்பிவிட்டால் மதியம் பசிக்காது. பசிக்காத பிள்ளை சோற்றைத் தள்ளும். ‘இதையாவது தின்கிறானே’ என்று வீட்டார் மறுபடியும் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். மீண்டும் சொல்கிறேன், பிள்ளைக்குச் சோறு பிடிக்காமல் இல்லை, பசிதான் இல்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய நாளில், பிள்ளையின் வயிறு காய்கிறதா என்பதே கவலையாக இருந்தது. எங்களுக்கோ அந்த வயிறு எதனால் நிரம்பியிருக்கிறது என்பது கவலையாகிவிட்டது.

டீயைப் பற்றிப் பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை. டீ மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பாட்டி ஆசையாக ஊட்டும் அந்த அரை டம்ளர் பிள்ளைக்குத் தேவையே இல்லை.

கேழ்வரகுக் கஞ்சி பற்றியும், 2023-இல் நம் திருக்குவளையில் விரிவாக்கித் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டம் பற்றியும் குறித்து வந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்து நண்பர் விரலைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று: பாக்கெட்டின் பின்னால் உள்ள பொருள் பட்டியலில், எது அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். கடைக்குப் போகும்போது மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள், எழுத்து அவ்வளவு பொடி. வணக்கம்.