வீடே என்று சொல்ல வந்தேன்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக வருகிறேன்.

"சகோதரி சுப்புலட்சுமியின் புகழுக்குப் பெரிதும் காரணம் அவர் நடத்திய வகுப்பறையா, அவர் ஆண்ட வீடா?" இதுதான் தலைப்பு. நான் வீட்டின் பக்கம், அதாவது கைம்பெண் சிறுமிகளுக்காக அவர் நடத்திய சாரதா இல்லத்தின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஐயா ஒரு பட்டியல் வாசித்தார். 1911-ல் சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண். 1922-ல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு முதல் முதல்வர். 1927-ல் சாரதா வித்யாலயம். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர். 1958-ல் பத்மஸ்ரீ. அத்தனையும் உண்மை. நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன்.

ஆனால் இறங்குவதற்கு முன் ஐயா ஒரு சொல்லை வீசிவிட்டுப் போனார். "கணவனும் இல்லை, பெற்ற பிள்ளையும் இல்லை. அவரைப் போய்க் குடும்பத் தலைவி என்கிறார்களே, எந்த ரேஷன் கார்டில் அப்படி எழுதியிருக்கிறது?" என்றார். அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, பார்த்தேன். நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்புத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன் நடுவர் அவர்களே. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

ரேஷன் கார்டா கேட்கிறீர்கள்? எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய ஏடு ஒன்று இருந்தது. என் அப்பாவைப் பெற்ற பாட்டி பள்ளித் தலைமையாசிரியை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது, எழுதாத பக்கங்கள் மிச்சமிருந்த பழைய வருகைப் பதிவேடு ஒன்றும் அவர் பெட்டியோடு வந்துவிட்டது. வீட்டில் ஆள் அதிகம். பெரியப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், படிக்க வந்து தங்கிய தூரத்து உறவுக்காரர்கள். யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று கணக்கு வைப்பதே பெரும்பாடு. பாட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். இரவு எட்டு மணிக்கு எல்லாரும் வரிசையாக உட்கார வேண்டும். பாட்டி பெயர் கூப்பிடுவார். "உள்ளேன் அம்மா" என்று சொன்னால்தான் தட்டில் சோறு விழும்.

என் சின்னச் சித்தப்பாவுக்குச் சினிமா என்றால் உயிர். முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்ப ஒன்பதரை ஆகிவிடும். எட்டு மணிக்குப் பெயர் கூப்பிட்டால் என்ன செய்வது? பக்கத்துச் சந்தில் ஒரு பையன் இருந்தான். அம்மா இல்லை. அப்பா லாரி ஓட்டுகிறவர், புறப்பட்டால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. சித்தப்பா அவனைக் கூப்பிட்டார். "தம்பி, நீ என் இடத்தில் உட்கார். என் பெயர் வந்தால் உள்ளேன் என்று சொல். என் சோறு உனக்கு." அந்தப் பையனுக்கு இதைவிட நல்ல வேலை உலகத்தில் உண்டா?

மின்சாரம் அடிக்கடி போகும் காலம். ஓர் அரிக்கேன் விளக்குதான் வெளிச்சம். பாட்டியின் மூக்குக் கண்ணாடி மாடத்தில் இருக்கிறது. பெயர் வருகிறது. பையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இருபது வயது ஆளின் குரலை வரவழைத்து "உள்ளேன் அம்மா" என்றான். பாதியில் குரல் கீச்சென்று உடைந்துவிட்டது. பிள்ளைகளெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பையன் வயிறு நிறையச் சாப்பிட்டான். மறுநாளும் அவனே. அதற்கு மறுநாளும் அவனே. அன்றைக்குக் கீச்சுக்கூட இல்லை, பழகிவிட்டது.

நான்காம் நாள் சித்தப்பாவின் கையில் டிக்கெட்டுக்குக் காசில்லை. நல்ல பிள்ளையாக எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். பையனுக்கு அது தெரியாது, அவனும் வந்து கடைசியில் உட்கார்ந்துவிட்டான். பாட்டி சித்தப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். இரண்டு குரல்கள், ஒரே நேரத்தில், "உள்ளேன் அம்மா!"

யாரும் மூச்சு விடவில்லை. பாட்டி எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பையன் நடுங்குகிறான். "உன் பெயர் என்ன?" என்றார். சொன்னான். "தலைப்பெழுத்து?" அதையும் சொன்னான். பதிவேட்டின் கடைசி வரியில், மற்றப் பேரப்பிள்ளைகளின் பெயருக்குக் கீழே, தலைப்பெழுத்தோடு அவன் பெயரை எழுதினார். எழுதிவிட்டு ஏட்டைச் சித்தப்பா பக்கம் திருப்பிக் காட்டினார். சித்தப்பாவின் பெயருக்கு நேரே முந்தைய மூன்று நாட்களுக்கும் "வரவில்லை" என்று குறிக்கப்பட்டிருந்தது.

கவனித்தீர்களா ஐயா? நீங்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் இன்னொரு முறை சொல்கிறேன். மூன்று நாட்களும் "வரவில்லை." அதாவது முதல் இரவே பாட்டிக்குத் தெரியும்! அந்தக் கீச்சுக்குரல் வந்த நிமிடமே தெரியும்! வகுப்பில் இப்படி எத்தனை பொய்க்குரல்களைக் கேட்டிருப்பார்! தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் அந்தப் பையன் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருப்பான். அவன் சாப்பிட்டுப் பழகும்வரை காத்திருந்தார். பள்ளிப்படிப்பு முடியும்வரை அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். பாட்டி காலமானபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் பெயர் எந்த ரேஷன் கார்டில் இருந்தது என்று எதிரணித் தலைவர் ஐயா சொல்லட்டும்.

இப்போது சகோதரி சுப்புலட்சுமியிடம் வருகிறேன். 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். விளையாடும் வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள், விளையாடும் வயதிலேயே கைம்பெண் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படியொரு சிறுமிக்கு என்ன காத்திருந்தது என்று உங்களுக்குத் தெரியும். தலையை மழித்து, ஒரு மூலையைக் காட்டி, எதிரில் வந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள். அவருடைய அப்பா சுப்பிரமணிய ஐயர் மகளை அந்த மூலைக்கு அனுப்பவில்லை, படிக்க வைத்தார். மாநிலக் கல்லூரி வரைக்கும் மகள் போனார். பட்டம் வந்தது.

பட்டம் வாங்கியவர் முதலில் திறந்தது பள்ளிக்கூடமா? எதிரணியினர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். எழும்பூரில் தம் அப்பாவின் வீட்டுக் கதவைத்தான் திறந்தார். தம்மைப் போலவே கைம்பெண்ணான சில சிறுமிகளை அங்கே சேர்த்துக்கொண்டார். அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் கைம்பெண், துணைக்கு நின்றார். சாரதா இல்லம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான்.

ஏன் வீடு? காரணம் உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் பெண் ஆசிரியைகள் வேண்டும், கிடைக்கவில்லை. அன்றைய பெண்கல்வி ஆய்வாளர் மிஸ் லிஞ்ச் இதை நினைத்துக் கவலைப்பட்டார். மறுபக்கம், ஆயிரக்கணக்கான குழந்தைக் கைம்பெண்கள் மூலையில் முடங்கிக் கிடந்தார்கள். அவர்களைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கலாம் என்ற எண்ணம் அப்படித்தான் பிறந்தது. ஆனால் அந்தச் சிறுமி வகுப்புக்கு வர வேண்டுமென்றால், அதற்கு முன் இரவு எங்கே தூங்குவாள்? காய்ச்சல் வந்தால் நெற்றியில் யார் கை வைப்பார்கள்? பெற்றவர்கள் நம்பி அனுப்ப வேண்டுமே! அதனால் அவர்கள் வீட்டு ஆசாரத்தையே சுப்புலட்சுமி இங்கும் காத்தார். பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டும் இடம் தந்தது குறைதானே என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். குறைதான் தங்கையே, மறுக்க மாட்டேன். அந்தக் கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்கலாம்.

இல்லம் வளர்ந்தது, இடம் போதவில்லை. கடைசியில் அந்தப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? கடற்கரையில் இருக்கிறதே ஐஸ் ஹவுஸ், அதுதான். 1842-ல் கட்டியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி உருகாமல் இருப்பதற்காகக் கட்டிய கட்டடம். 1897-ல் விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. 1917-ல் அரசு அதை வாங்கியது, சாரதா இல்லத்துப் பெண்கள் அங்கே குடியேறினார்கள். எதிரில் வந்தால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, சென்னையிலேயே நல்ல காற்று வீசும் வீடு கிடைக்கச் செய்தார் அந்த அம்மா!

நடுவர் மணியடித்துவிட்டார், தெரிகிறது. இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள்.

குழந்தை மணத் தடைச் சட்டம் 1929-ல் நிறைவேறி 1930-ல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு. அந்தச் சட்டம் வேண்டும் என்று விசாரணைக் குழுவின் முன்னால் சாட்சி சொன்னவர் இவர். எனக்குத் தோன்றுகிறது, அங்கே அவர் ஆசிரியையாகப் போய் நிற்கவில்லை. தம் வீட்டில் தூங்கிய ஒவ்வொரு பிள்ளையின் முகமும் நெஞ்சில் இருக்க, இனி ஒருத்தியும் இப்படி என் வாசலுக்கு வர வேண்டாம் என்று கேட்கத்தான் போயிருப்பார். எந்த அம்மாவாவது தன் வீட்டுக்குப் பிள்ளை வர வேண்டாம் என்று வேண்டிக்கொள்வாளா? இவர் வேண்டிக்கொண்டார்.

தலைப்பு, வாதம் எல்லாம் இருக்கட்டும் ஐயா. அந்த வீட்டிலிருந்து கிளம்பிய பெண்கள் ஆசிரியைகளானார்கள். அவர்களிடம் படித்த ஒருத்தி இந்த அரங்கில் யாருக்காவது பாட்டியாக இருந்திருக்கலாம். உங்களைப் பெறாமலே உங்களுக்குச் சோறு போட்டு, எழுத்தும் சொல்லிக் கொடுத்த ஒரு பெண்ணாவது உங்கள் வாழ்க்கையில் இருந்திருப்பார். அத்தையோ, பெரியம்மாவோ, பக்கத்து வீட்டு டீச்சரோ. உயிரோடு இருந்தால் இன்றிரவே அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். இல்லையென்றால், நடுவர் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அவர் பெயரை இங்கேயே உரக்கச் சொல்லுங்கள். முன்வரிசையில் இருக்கும் அம்மா, நீங்களே தொடங்கி வையுங்கள்.

வணக்கம்.