சென்னை வெள்ளத்தில் ஃபோர் வீல் டிரைவ் கை கொடுக்குமா? ஜிம்னியா, கிராண்ட் விட்டாராவா?

(காட்சி: மழை இரவு, மேம்பாலத்தின் ஓரம் வரிசையாக நிற்கும் கார்கள்)

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றது நினைவிருக்கிறதா? 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் பட்ட அடி அப்படி. உங்களுடையது ஃபோர் வீல் டிரைவ் அல்லது ஆல் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால், அதை மட்டும் பாலத்தில் ஏற்றாமல் கீழே விட்டுவைக்கலாமா? கூடாது. பக்கத்து வீட்டு ஹேட்ச்பேக்குக்கு முன்னால் அதை மேலே ஏற்றுங்கள், ஏனென்றால் அதன் விலை அதிகம்.

ஷோரூமில் இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். "சார், இது ஆல் வீல் டிரைவ், மழைக்குக் கவலையே இல்லை" என்றுதான் பேச்சு தொடங்கும். அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பணம் கட்டப் போகிறவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. சின்ன அளவில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளை டெஸ்ட் டிரைவ் செய்துவிட்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறீர்கள் என்றால் கடைசி வரை இருங்கள்.

முதலில் அந்தத் தண்ணீர் விஷயம். தேங்கிய நீரில் வண்டி நின்றுபோவதற்கும் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதற்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் மேலே வரும்போது அதை அமுக்கப் பார்க்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தள்ளுகிற கம்பியான கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸில் பெரும்பாலும் இந்தச் சேதத்துக்குப் பணம் வராது, எஞ்சின் புரொடெக்‌ஷன் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். சென்னையில் எந்தக் கார் வாங்கினாலும் அதைச் சேர்த்துவிடுங்கள். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, தள்ளித்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

அதேபோல பிரேக். நாலு சக்கரம் இழுக்கிற வண்டி ஓஎம்ஆரில் மழையில் சீக்கிரம் நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது. ஈரத்தில் உங்களைக் காப்பாற்றுவது டயர். சட்டப்படி டயர் பட்டையின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆகும் வரை தேயலாம். ஆனால் நம்ம ஊர் மழைக்கு அதுவரை காத்திருக்காதீர்கள்.

(காட்சி: இரண்டு வண்டிகளும் அருகருகே)

சரி, வண்டிகளுக்கு வருவோம். ஒரு பக்கம் மாருதி சுசூகி ஜிம்னி. இன்னொரு பக்கம் அதே மாருதியின் கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் (ஆல் வீல் டிரைவ் மாடலுக்கு அந்தப் பெயர்), அதன் உடன்பிறப்பான டொயோட்டா ஹைரைடர். கிராண்ட் விட்டாராவும் ஹைரைடரும் உள்ளே ஒரே வண்டி. ஒன்றைப் பற்றிச் சொன்னால் மற்றதற்கும் பொருந்தும். எந்த சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டுக்குப் பக்கம் என்று பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். மகேந்திராவின் தார் (Thar) என்கிற ஃபோர் வீல் டிரைவ், நம்ம செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா ரிசர்ச் வேலியில் உருவான வண்டி, எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் மூன்று கதவுத் தாரின் பின்சீட்டில் வயதானவர்களை ஏற்ற முடியாது என்பதால் இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன்.

காகிதத்தில் ஜிம்னியும் கிராண்ட் விட்டாராவும் ஏறக்குறைய ஒன்று போலத் தெரியும். இரண்டிலும் 1462 சிசி பெட்ரோல் எஞ்சின். எஞ்சின் சக்தி ஜிம்னியில் சுமார் 105 பிஎஸ், கிராண்ட் விட்டாராவில் 103. தரையிலிருந்து உயரம் இரண்டுக்கும் 210 மில்லிமீட்டர். அப்புறம் என்ன வித்தியாசம் என்றுதானே கேட்கிறீர்கள்? நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிற வழியில்தான் முழு வித்தியாசமும் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

(காட்சி: காலியான பார்க்கிங் இடத்தில் ஜிம்னி மெதுவாக வட்டம் போடுகிறது, கேமரா முன் டயருக்கு அருகில்)

ஜிம்னியில் கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கிறது. சாதாரணமாகப் பின் சக்கரம் மட்டும் இழுக்கும். லீவரை ஃபோர் ஹைக்கு, அதாவது நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கிற நிலைக்குத் தள்ளினால், முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் (சக்கரங்களைச் சுற்றவைக்கும் அச்சுகள்) ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இப்போது காய்ந்த சிமெண்ட் தரையில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். வண்டி நகர மறுக்கும். டயர் கிறீச்சிடும், ஸ்டியரிங் கையைத் தள்ளும், யாரோ பிரேக்கைப் பிடித்து விடுகிற மாதிரி வண்டி துள்ளும். டெஸ்ட் டிரைவில் இதைப் பார்த்துப் பயந்து "வண்டியில் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். கோளாறு இல்லை. அந்த அமைப்பின் இயல்பே அதுதான்.

மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவின்போது மாடவீதி முனையில் சாமி திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் தோள் கொடுப்பவர்கள் அகலமாகச் சுற்றி வேகவேகமாக நடப்பார்கள். பின்னால் இருப்பவர்கள் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே அடி எடுத்து வைப்பார்கள். முன்னவர் எத்தனை அடி வைக்கிறாரோ பின்னவரும் அத்தனை அடிதான் வைக்க வேண்டும் என்று சொன்னால் என்ன ஆகும்? யாராவது ஒருவர் கால் இழுபடும். காரும் திரும்பும்போது முன் சக்கரங்கள் நீளமான பாதையில் போகின்றன, பின் சக்கரங்கள் குறுக்கே போகின்றன. ஒரே ஆக்ஸிலில் இடது வலது வித்தியாசத்தை டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு பார்த்துக்கொள்ளும். முன்னுக்கும் பின்னுக்கும் இடையே அப்படி ஒன்று ஜிம்னியில் கிடையாது. மணலிலோ சேற்றிலோ டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாததால் அந்த இறுக்கம் முழுக்க கியர்களின் மேல் ஏறும். அதனால்தான் ஜிம்னியை அண்ணா சாலையில் ஃபோர் ஹையில் ஓட்டக் கூடாது. மழை பெய்தாலும் நல்ல தார் ரோடு என்றால் வேண்டாம்.

கிராண்ட் விட்டாராவில் இந்தத் தொல்லை இல்லை. அது அடிப்படையில் முன் சக்கரம் இழுக்கிற வண்டி. பின் ஆக்ஸிலுக்குப் போகிற வழியில் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிற ஒரு கப்ளிங், அதாவது இறுகவும் தளரவும் கூடிய இணைப்பு இருக்கிறது. முன் சக்கரம் வழுக்கத் தொடங்கினால் அது இறுகி, பின்னால் சக்தியை அனுப்பும். வழுக்கல் நின்றால் தளர்ந்துவிடும். ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என்று நாலு நிலை கொண்ட ஒரு திருகு. ஆட்டோவில் வைத்துவிட்டு அதை மறந்துவிடலாம். யு டர்ன் போட்டால் எந்தச் சத்தமும் வராது.

யு டர்ன் என்றதும் நினைவுக்கு வருகிறது. 3985 மில்லிமீட்டர் நீளமுள்ள ஜிம்னிக்குத் திரும்பும் ஆரம் 5.7 மீட்டர். 4345 மில்லிமீட்டர் நீளமுள்ள கிராண்ட் விட்டாராவுக்கு 5.4 மீட்டர்தான். சின்ன வண்டிக்குப் பெரிய வட்டம்! தி.நகர் சந்தில் இதைச் சோதித்துப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

அப்படியானால் ஜிம்னி எதற்கு? அதற்கு ஃபோர் லோ என்ற மெதுவான நிலை (லோ ரேஞ்ச்) இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு லீவரை அங்கே தள்ளினால் வேகம் குறைந்து இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஏணி போன்ற இரும்புச் சட்டமான லேடர் ஃபிரேம், முன்னும் பின்னும் திடமான ஆக்ஸில். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் அதை மட்டும் பிரேக் பிடித்து எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குச் சக்தியைத் தள்ளிவிடும். கிராண்ட் விட்டாராவில் லோ ரேஞ்சே கிடையாது. மழை அரித்துப்போன எஸ்டேட் பாதையில், கல் கிடக்கிற ஏற்றத்தில், ஜிம்னி ஆமை வேகத்தில் ஏறிப் போகும். அங்கே கிராண்ட் விட்டாராவைக் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு செய்தி சொல்லட்டுமா? நம்ம ஊரில் "விலை அதிகம், இடம் கம்மி" என்று பலர் ஒதுக்குகிற இந்த ஐந்து கதவு ஜிம்னி, இந்தியாவில் தயாராகி, ஜிம்னி நோமேட் என்ற பெயரில் ஜப்பானுக்குப் போகிறது. 2025 ஜனவரி 30 அன்று அங்கே அறிவித்தார்கள். மாதம் 1,200 வண்டி விற்கலாம் என்பது திட்டம். சில நாட்களிலேயே ஏறக்குறைய 50,000 பேர் ஆர்டர் கொடுத்துவிட, முன்பதிவையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஜிம்னி பிறந்த நாட்டில், ஹரியானாவில் செய்த ஜிம்னிக்கு வரிசை! எனக்கு இதைக் கேட்டபோது அவ்வளவு சந்தோஷம்.

(காட்சி: அடித்தளப் பார்க்கிங்கின் ஈரமான சரிவுப் பாதை)

இப்போது டெஸ்ட் டிரைவ். ஒரு ஷோரூமில் ஆல் வீல் டிரைவ் கேட்டுப் போனபோது, "வண்டி ஒன்றுதான் சார், ஓட்டுவதில் வித்தியாசம் தெரியாது" என்று சொல்லி முன் சக்கர மாடலைக் கொடுத்தார்கள். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். திருகு இல்லாத வண்டியை ஓட்டினால் திருகு உள்ள வண்டியைப் பற்றி என்ன தெரியும்? இல்லையென்றால் வரவழைத்துவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். இன்னொன்று, ஷோரூமிலிருந்து நூறடி ரோட்டில் போய்த் திரும்பி வருகிற அந்தச் சுற்றில் பின் ஆக்ஸிலுக்கு வேலையே வராது. நல்ல ரோட்டில் வித்தியாசம் தெரியாது என்று அவர்கள் சொல்வது அந்த வகையில் உண்மைதான்.

கூட வருபவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு செங்குத்தான சரிவுக்குப் போங்கள். மால் பார்க்கிங், அபார்ட்மெண்ட் அடித்தளம், எதுவானாலும் சரி. ஈரமாக இருந்தால் இன்னும் நல்லது. நடுச் சரிவில் நிறுத்தி, சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, அங்கிருந்து கிளப்புங்கள். ஏற்றத்தில் வண்டியின் எடை பின்னால் சாய்கிறது. முன் டயரின் பிடி தளர்கிறது. முன் சக்கர வண்டி அங்கே ஒரு நொடி வழுக்கிக் கத்தும். ஆல் வீல் டிரைவ் அமைதியாக ஏறிவிடும். உங்கள் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் கடற்கரை மணலில் மட்டும் சோதிக்காதீர்கள். பெசன்ட் நகர், நீலாங்கரை பக்கமெல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிட வருகின்றன. டயர் ஏறினால் ஒரு கூடே போய்விடும்.

அப்புறம், உங்கள் அம்மா அப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஒரு மெட்ரோ பள்ளம் தோண்டிய ரோட்டில் ஓட்டுங்கள். ஜிம்னியில் நாலு பேருக்குத்தான் இடம், பின்சீட்டுக்கு ஏறுகிற உயரமும் அதிகம், பள்ளத்தில் பக்கவாட்டில் ஆடும். முட்டிவலி உள்ளவர்களின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். ஜிம்னி ஆட்டோமேட்டிக்கில் நாலு கியர்தான் என்பதால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சத்தமும் உள்ளே வரும். திண்டிவனம் தாண்டும்போதே பேச்சைக் குறைத்துவிடுவீர்கள்.

மைலேஜ்: சான்றிதழ் கணக்கில் கிராண்ட் விட்டாரா மேனுவல் முன் சக்கர மாடல் லிட்டருக்கு 21.11, ஆல் வீல் டிரைவ் 19.38, ஜிம்னி மேனுவல் 16.94. ஜிஎஸ்டி வரியில் ஒரு வேடிக்கை: 4 மீட்டருக்குள் அடங்கினாலும் ஜிம்னிக்குச் சின்னக் கார் சலுகை இல்லை. பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள் இருந்தால்தான் 18 சதவீதம், இது 1462 என்பதால் 40 சதவீதம்.

"மலைக்குப் போவோம், அதனால் வேண்டும்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அரசுப் பேருந்து பின் சக்கர இழுவையில்தான் ஏறுகிறது. ஏலகிரியில் பாரி, ஓரி, கபிலர் என்று பெயர் வைத்த வளைவுகளுக்கும் ஏற்காட்டுக்கும் எந்தக் காரும் போகும். தார் ரோடு முடிகிற இடத்துக்கு அப்பால் உங்களுக்கு வேலை இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

இருக்கிறது, மலையில் தோட்டம் இருக்கிறது, பாதையே இல்லாத ஏற்றம் என்றால் ஜிம்னி. யோசிக்கவே வேண்டாம், மேனுவல் எடுங்கள். ரிசார்ட்டின் சேற்றுப் பாதை, கிராமத்து வீட்டு வரப்பு, வருடத்தில் சில பயணம், குடும்பத்தோடு என்றால் கிராண்ட் விட்டாரா அல்லது ஹைரைடர் ஆல் வீல் டிரைவ்; 2025 முதல் ஆட்டோமேட்டிக்கில் கிடைக்கிறது, சென்னை டிராஃபிக்குக்கு அதுதான் என் தேர்வு. வாங்கிய பிறகு நாலு டயரையும் ஒரே அளவில், ஒரே அளவு தேய்மானத்தில் வைத்திருங்கள். ஒன்று மட்டும் புதிதாக மாட்டினால் சுற்றளவு மாறி, கப்ளிங் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஆபீஸ், விடுமுறைக்கு ஊட்டி, அவ்வளவுதான் என்றால் முன் சக்கர மாடலை எடுத்துவிட்டு மீதிப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள்.

மலைப்பாதையில் தினமும் ஜிம்னி ஓட்டுகிறவர்கள், ஹைரைடரை லாக்கில் போட்டுச் சேற்றிலிருந்து வெளியே வந்தவர்கள், எந்த இடம், என்ன டயர் என்று கமெண்ட்டில் எழுதுங்கள். வண்டி புக் செய்வதற்கு முந்தைய இரவு இதைப் பார்க்கிற ஒருவருக்கு ஷோரூம் புரோஷரைவிட உங்கள் இரண்டு வரி அதிகம் உதவும்.