மேயரும் மாநகராட்சிப் பள்ளியும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்குவதென 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில் மாமன்றம் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. அப்போது மாநகராட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர். மேயர் என்ற பெயர் 1933-இல்தான் வந்தது என்றாலும், பொறுப்பு அதுவேதான். மற்றப் பள்ளிகளுக்கும் பரவிய அத்திட்டம், ஆங்கில அரசு அந்தச் செலவை ஒப்புக்கொள்ளாததால், 1925-இல் நின்றுபோனது. இன்று மாநிலமெங்கும் நாம் காணும் சத்துணவின் முதல் உலை ஒரு மாநகராட்சிப் பள்ளியில்தான் கொதித்தது என்பதை நான் எங்கே பேசினாலும் சொல்லிவிடுவேன்.

ஆசிரியர் நியமனமும் பாடத்திட்டமும் மேயரின் கையில் இல்லை. நிர்வாக அதிகாரத்தின் பெரும்பகுதி ஆணையரிடம் இருக்கிறது. பிறகு மேயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு தாழ்ப்பாளின் கதையைச் சொல்வதுண்டு.

நான் ஆசிரியையாக இருந்த ஒரு மாநகராட்சிப் பள்ளியில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வீட்டிலிருந்து நிரப்பிக் கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டியை மூடிகூடத் திறக்காமல் மாலையில் அப்படியே எடுத்துச் செல்வாள். கேட்டதற்கு, "குடிச்சா போகணும் டீச்சர்" என்றாள். நாங்கள் எழுதிய கடிதங்கள் மேசை மேசையாக நகர்ந்தனவே தவிர, தாழ்ப்பாள் வரவில்லை. எங்கள் வட்டத்து மாமன்ற உறுப்பினரான அம்மையார் அதை மன்றத்தில் எழுப்பியபோது, மேயர் அந்த ஒரு கதவோடு நிற்காமல், எல்லாப் பள்ளிகளிலும் தாழ்ப்பாள் இல்லாத கதவுகள் எத்தனை என்று கணக்குக் கேட்டார். மறுவாரமே தச்சர் வந்தார். அன்றைக்கு அந்தச் சிறுமி பாதிப் புட்டி குடித்தாள்.

நான் சொல்ல வருவது இதைத்தான். பள்ளிக் கட்டடமும், அதன் வாசலில் சேரும் குப்பையும், எதிரே எரியாத தெருவிளக்கும், மழைநீர் வடிகாலும் ஒரே மாநகராட்சியின் பொறுப்பில் இருக்கும்போது, அவற்றையெல்லாம் ஒரு பிள்ளையின் கண்ணால் சேர்த்துப் பார்த்துக் கேள்வி கேட்க மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் வேண்டும். சென்னையில் 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை மாமன்றமே இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை தொடக்கப் பள்ளியையே முடித்துவிடும் காலம் அது. அத்தனை ஆண்டுகளும் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்க மன்றம் கூடவில்லை.

கல்வி வரியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சென்னையில் சொத்து வரியோடு கல்வி வரியும் சேர்ந்தே வசூலாகிறது. உங்கள் வட்டத்துப் பள்ளிக்கு இந்த ஆண்டு என்ன செய்யப்பட்டது என்று உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். வணக்கம்.