பறித்த கொழுந்து காத்திருக்காது

பெரியவர்களுக்கும், தேயிலைக் கொழுந்து போட்டுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிற அம்மாக்களுக்கும் வணக்கம்.

1974இல் ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஒரு வாதத்தை வைத்தார். சொத்து நேர்மையாகக் கைக்கு வந்து, யாரையும் கட்டாயப்படுத்தாமல் கைமாறியது என்றால், அதனால் எவ்வளவு ஏற்றத்தாழ்வு வந்தாலும் அநியாயம் இல்லை. திருட்டையும் மோசடியையும் தடுப்பதோடு அரசு நின்றுகொள்ள வேண்டும். உழைத்த கூலிக்கு வரி போடுவதே கட்டாய வேலை வாங்குவது மாதிரிதான் என்றார். முகம் சுளிக்காதீர்கள். பட்டாவில் ஒரு பெயரைத் திருத்த நடையாய் நடந்தவர்களுக்கு, அரசு தள்ளியே இருக்கட்டும் என்று தோன்றத்தான் செய்யும்.

'கட்டாயப்படுத்தாமல்' என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். கோத்தகிரி பக்கம் அப்பாவுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவான தோட்டம். சாயங்காலம் ரோட்டோரம் சாக்கை இறக்கிவிட்டு வண்டிக்குக் காத்திருப்போம். ஏஜெண்ட் எடை போட்டு, மழை நாளென்றால் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார். வெயில் நாளிலும் கழித்தார். அப்பா பேச மாட்டார். சாக்குக்குள் கையை விட்டுப் பார்ப்பார். உள்ளே கொழுந்து சூடேறியிருக்கும். விடிந்தால் சிவந்துபோகும், யாரும் வாங்க மாட்டார்கள். அவர் கையை யாரும் முறுக்கவில்லை. நோசிக் கணக்கில் அவர் இஷ்டப்பட்டுத்தான் விற்றார்.

நெல்லையாவது குதிரில் போட்டு வைக்கலாம். காத்திருக்க முடிந்தவரும் முடியாதவரும் பேசுகிற விலையை நான் சுதந்திரம் என்று சொல்ல மாட்டேன். சோவியத் யூனியன் 1991இல் உடைந்தபோது நம் தேயிலைத் தூளுக்கு இருந்த பெரிய சந்தையும் ஆடிப்போனது. அதில் நம்மவர் செய்த தப்பு என்ன?

அப்புறம் அப்பா, அரசின் துணையோடு எழுந்த கூட்டுறவுத் தொழிற்சாலை ஒன்றில் உறுப்பினரானார். அங்கேயும் பணம் இழுத்தடித்துத்தான் வந்தது. அதற்காக நான் அதிகாரிகளோடு சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். ஆனால் அந்த வருஷம் ஒருநாள் ஏஜெண்ட் கழிவு சொன்னதும் அப்பா சாக்கைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். "வேண்டாம், நான் அங்கேயே போட்டுக்கறேன்" என்றார். அவர் பேரம் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.