உயிரே போனாலும் கைவிடாதவர்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரமாகியும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘எதிர்ப்பின் நடுவே அப்போஸ்தலர்கள் நம்பியது உயிரைக் காக்கும் கடவுளையா, உயிரே போனாலும் கைவிடாத கடவுளையா?’ என்பது தலைப்பு. அப்போஸ்தலர்கள் என்றால், இயேசுவைப் பற்றிச் சொல்ல அனுப்பப்பட்டவர்கள். நான் இரண்டாவது அணி. எனக்கு முன் பேசிய சகோதரி, இரவில் சிறைக்கதவு திறந்ததைச் சொன்னார். அப்போஸ்தலர் பவுலின் கையைக் கவ்விய விரியன் பாம்பு அவரை ஒன்றும் செய்யவில்லை என்றார். அவர் சொன்ன எதையும் நான் மறுக்கப் போவதில்லை. அவர்கள் வரலாற்றைச் சொல்லும் அதே பைபிள் நூலில், அப்போஸ்தலர் நடபடிகளில், அவர் வேகமாகத் தாண்டிப்போன இடங்களில் கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

முதல் கைது எதற்காக? எருசலேம் ஆலயத்தின் அலங்கார வாசலில், பிறவியிலேயே நடக்க முடியாத, நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் எழுந்து நடக்கிறார். கூட்டம் திரள்கிறது. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று பேதுருவும் யோவானும் பேசுகிறார்கள். ஆலய அதிகாரத்தில் இருந்த சதுசேயர் என்ற யூதப் பிரிவினருக்கு உயிர்த்தெழுதல் என்ற பேச்சே ஆகாது. பிடித்துக் காவலில் வைத்தார்கள். மறுநாள் தலைமை ஆசாரியர்களான அன்னா, காய்பா இருந்த யூத ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் விசாரணை. ‘இனி இந்தப் பெயரைச் சொல்லிப் பேசக்கூடாது’ என்று மிரட்டி அனுப்பினார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘யூதர்கள் எதிர்த்தார்கள்’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறோமே, அது அநியாயம். பேதுருவும் யூதர், யோவானும் யூதர், ஆலயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்டு நம்பியவர்களும் யூதர். எதிர்த்தது, அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த ஒரு வட்டம். பின்னால் அதே ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து, ‘இந்த மனிதரை விட்டுவிடுங்கள்’ என்று வாதாடிய கமாலியேலும் யூதர்தான். மக்கள் மதித்த பரிசேயர், அதாவது யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பிரிவைச் சேர்ந்தவர்.

சரி, மிரட்டப்பட்டுத் திரும்பியவர்கள் என்ன ஜெபித்தார்கள்? நடுவர் ஐயா, என்னைக் கேட்டால் வழக்கு இங்கேயே முடிந்துவிட்டது. 4ஆம் அதிகாரம், 29ஆம் வசனம். ‘எங்கள் உயிரைக் காப்பாற்றும்’ என்று ஒரு வார்த்தை இல்லை. அவர்களுடைய மிரட்டலைக் கவனியும், உம்முடைய வசனத்தை முழு தைரியத்தோடு சொல்ல எங்களுக்கு அருளும் என்று கேட்கிறார்கள். பயந்த மனிதன் முதலில் கேட்பதை அவர்கள் கேட்கவே இல்லை!

அடுத்த அதிகாரத்தில் சகோதரி சொன்ன அந்தக் கதவு வருகிறது. இரவில் தேவதூதன் திறந்துவிடுகிறான். திறந்துவிட்டு, ‘சொந்தப் பகுதியான கலிலேயாவுக்கு ஓடிவிடுங்கள்’ என்றா சொன்னான்? ‘போய் ஆலயத்தில் நின்று பேசுங்கள்’ என்றான். விடியும்போது அங்கே போய் நின்றார்கள், மறுபடி பிடிபட்டார்கள், கமாலியேல் பேசியும் அடி வாங்கித்தான் வெளியே வந்தார்கள். உயிர் பிழைக்க வைப்பதற்காக மட்டும் திறந்த கதவு என்றால், இது என்ன விடுதலை?

12ஆம் அதிகாரத்துக்கு வருகிறேன். அரசன் ஏரோது அகிரிப்பா, யோவானின் சகோதரர் யாக்கோபை வாளால் கொன்றான். அடுத்து பேதுருவைப் பிடித்தான். காவலுக்குப் பதினாறு சேவகர். இரண்டு சங்கிலி, இரண்டு பக்கமும் ஆள், நடுவில் பேதுரு தூங்குகிறார். யாக்கோபு யார்? கலிலேயாக் கடலில் பேதுருவோடு கூட்டாக மீன்பிடித் தொழில் செய்தவர். அவருக்கு என்ன ஆனது என்று பேதுருவுக்குத் தெரியாதா? விடிந்தால் தனக்கும் அதே கதி. தூதன் வருவான் என்று யாரும் சொல்லி வைக்கவும் இல்லை. அப்படியும் தூதன் விலாவில் தட்டி எழுப்ப வேண்டிய அளவுக்குத் தூங்குகிறார். கதவு திறந்ததை விட, திறப்பதற்கு முன் வந்த இந்தத் தூக்கம்தான் எனக்குப் பெரிய அற்புதம்.

‘அப்படியானால் பவுல் ஏன் கொல்லத் தேடியவர்களிடமிருந்து தமஸ்கு நகரில் கூடையில் இறங்கித் தப்பினார்?’ என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். அவர்கள் சாவைத் தேடி அலையவில்லை. வழி இருந்தபோது தப்பினார்கள். பின்னால் எருசலேமில் ரோமர் காவலில் இருந்த பவுலைக் கொல்லாமல் உண்பதில்லை, குடிப்பதில்லை என்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் சபதம் செய்தபோது, தன் உடன்பிறந்தவளின் மகன் சொன்ன துப்பை அவர் அலட்சியம் செய்யவில்லை; படைத்தலைவனிடம் சொல்ல அனுப்பினார். ஆனால் அதற்கு முந்தின இரவில் அவருக்குக் கிடைத்த வாக்கு என்ன? ‘திடன்கொள், ரோமாபுரியிலும் நீ சாட்சி சொல்ல வேண்டும்.’ நீண்ட ஆயுள் தருகிறேன் என்று அதில் இல்லை. செய்ய வேண்டிய வேலை மட்டும் இருந்தது.

எனக்குப் பின் எதிரணியின் கடைசிப் பேச்சாளர் வருகிறார். அவரிடம் ஒரே கேள்வி. உயிரைக் காப்பதுதான் கடவுளின் பாதுகாப்பு என்றால், அந்த வாள் விழுந்தபோது யாக்கோபு கைவிடப்பட்டாரா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.