மிச்சம் எத்தனை படி?

நேயர்களுக்கு வணக்கம்.

சக்கர நாற்காலி தேவையில்லை, சமதளத்தில் நெடுநேரம் நடந்துவிடலாம், ஆனால் இருபது படி இறங்கினால் அன்றைய பொழுதே போய்விடும் என்ற நிலையில் இருப்பவர்கள் ஏராளம். முழங்கால் மூட்டு தேய்ந்தவர்கள், இடுப்பு மூட்டு அறுவைக்குப் பின் தேறி வருபவர்கள், படியேறினால் மூச்சு வாங்குபவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். நானும் அவர்களில் ஒருவன். பார்வைக்கு எங்கள் சிரமம் தெரியாது என்பதால், பயண ஏற்பாடு செய்பவர்கள் எங்களை ஓடியாடித் திரிபவர்களோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். விடுமுறைக்குச் சென்ற பெருநகரத்தில் படிகளை எப்படிக் குறைத்துக்கொள்ளலாம் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் மூட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏறுவதுதான் கடினம், இறங்குவது எளிது என்று பலரும் எண்ணுகிறார்கள். செயற்கை முழங்கால் மூட்டுக்குள் அளவுக்கருவி பொருத்திச் செய்யப்பட்ட ஆய்வுகளில், சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப்போல் சுமார் 2.5 மடங்கும், படி ஏறும்போது 3 மடங்குக்குச் சற்று அதிகமாகவும், இறங்கும்போது ஏறத்தாழ 3.5 மடங்கும் மூட்டின்மேல் விசை விழுவது தெரியவந்தது. ஆனால் ஒரே ஒரு நகரும் படிக்கட்டு மட்டும் உள்ள நிலையங்களில் அது பெரும்பாலும் மேல்நோக்கித்தான் ஓடும். மூட்டு வலி உள்ளவர்கள் ஏறும் வழியை மட்டும் விசாரித்துவிட்டு இருந்துவிடக் கூடாது. இறங்கும் வழியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். வேறு வழியின்றிப் படியில் கால் வைத்தே தீர வேண்டுமென்றால், ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது வலிக்கிற காலையும் முன்னே வைக்கும்படி இயன்முறை மருத்துவர்கள் சொல்லித்தருவார்கள். அதற்கு ஒரு கை எப்போதும் கைப்பிடிக்காகக் காலியாக இருக்க வேண்டும் என்பதால், கையில் தூக்கும் பையை நான் அறவே விட்டுவிட்டேன்.

பெருநகரம் என்றதும் எல்லாரும் சுரங்க ரயிலைத்தான் நினைக்கிறார்கள். அது எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்று தெரிந்தால், படிகளைப் பற்றிப் பாதி தெரிந்ததுபோல்தான். 1863இல் தொடங்கிய லண்டன் சுரங்க ரயிலின் 272 நிலையங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கில்தான் படியே இல்லாத வழி உண்டு. 1900இல் தொடங்கிய பாரிஸ் மெட்ரோவில், 1998இல் திறக்கப்பட்ட 14ஆம் தடம் ஒன்றுதான் முழுவதும் மின்தூக்கி வசதி கொண்டது. 1904இல் ஓடத் தொடங்கிய நியூயார்க் சுரங்க ரயிலின் 472 நிலையங்களில் பெரும்பாலானவற்றில் இன்னமும் மின்தூக்கி கிடையாது. மாறாக, சிங்கப்பூர் மெட்ரோவிலும் 1976இல் தொடங்கிய வாஷிங்டன் மெட்ரோவிலும் எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. லண்டனிலேயே 2022இல் திறந்த எலிசபெத் தடத்தின் எல்லா நிலையங்களிலும் படியின்றி நடைமேடையை அடையலாம். பழைய நகரத்திலும் புதிய தடம் ஒன்று இருந்தால், விடுதியை அதன் அருகில் பிடிப்பது, வாடகை சற்றுக் கூடினாலும், நல்ல பேரம் என்பது என் கருத்து.

வரைபடத்தில் உள்ள சக்கர நாற்காலிக் குறியையும் கூர்ந்து பார்க்க வேண்டும். லண்டன் வரைபடத்தில் அது இரண்டு வகையாக அச்சிடப்பட்டிருக்கும்: நீல வட்டத்தில் வெள்ளைக் குறி இருந்தால் தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை படியில்லை என்று பொருள்; வெள்ளை வட்டத்தில் நீலக் குறி இருந்தால் நடைமேடை வரைதான் உறுதி, ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே உயரமோ இடைவெளியோ இருக்கலாம். குறியே இல்லாத நிலையம் நமக்கு ஆகாது என்றும் முடிவுகட்டிவிட வேண்டாம். நகரும் படிக்கட்டில் நிற்க முடிகிறவருக்கு, கடைசியில் பத்துப் படி மட்டும் மிஞ்சுகிற நிலையம் தாங்கக்கூடியதாக இருக்கலாம். லண்டனின் கோவென்ட் கார்டன் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மின்தூக்கி இருக்கிறது, ஆனாலும் அதற்கும் நடைமேடைக்கும் இடையே சில படிகள் இருப்பதால் குறி கிடைக்கவில்லை. மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு சுழல் படிக்கட்டும் உண்டு. அதில் 193 படிகள். பதினைந்து மாடி ஏறுவதற்குச் சமம் என்று அங்கே எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நின்றுவிடுங்கள்.

மின்தூக்கி பழுதாகிக் கிடப்பதும் நடக்கக்கூடியதே. லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் எந்த நிலையத்தில் மின்தூக்கி வேலை செய்யவில்லை என்பதை இணையத்தில் அறிவிக்கிறார்கள். அதைக் கிளம்பும் முன் பார்த்துவிட்டு, மாற்று நிலையம் ஒன்றையும் குறித்துக்கொள்வது நல்லது. தோக்கியோவின் ஷின்ஜுகு போல இருநூறுக்கும் மேற்பட்ட வாயில்கள் உள்ள நிலையத்தில், மின்தூக்கி இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, எந்த வாயிலில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தவறான வாயிலில் வெளிவந்து தெருவைக் கடக்க நேர்ந்தால், நடைபாலத்தின் படிகள் நமக்காகக் காத்திருக்கும்.

இவ்வளவு பாடுபட்டுத் தரைக்கு அடியில் ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்கிறேன். லண்டன், நியூயார்க் நகரங்களின் வழக்கமான நகரப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சாய்தளமோ ஏற்றும் கருவியோ உண்டு. ஓட்டுநர் பேருந்தின் முன்பக்கத்தை நடைபாதையை நோக்கித் தாழ்த்தித் தருவதும் உண்டு. வேகம் குறைவு, நெரிசல் நேரத்தில் பொறுமையைச் சோதிக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் விடுமுறையில் யாரும் அலுவலகத்துக்கு ஓடப்போவதில்லை. ஜன்னலோரத்தில் நகரத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம், வலி அதிகமானால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி உட்காரலாம். மேல் தளத்திலிருந்து காட்சி அழகாகத் தெரியும் என்று யாராவது ஆசை காட்டினால், ஓடும் பேருந்தின் குறுகிய படிகளில் இறங்க வேண்டியிருப்பதை நினைத்துக்கொண்டு கீழ்த் தளத்திலேயே இருந்துவிடுகிறேன்.

வெனிஸில் பேருந்துக்குப் பதில் படகு. நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ள அந்நகரத்தில் பெரும்பாலான பாலங்களுக்குப் படிகள்தாம். வரைபடத்தில் ஐந்து நிமிட நடையாகத் தெரிவது நான்கு பாலங்களாக முடியலாம். பெருங்கால்வாயின் இரு கரைகளிலும் மாறி மாறி நின்று செல்லும் முதலாம் எண் படகில் ஏறினால், பாலம் எதையும் கடக்காமல் அக்கரை சேரலாம்.

பார்க்கும் இடங்களில், மின்தூக்கி உண்டா என்று மட்டும் கேட்டால் உண்டு என்றுதான் பதில் வரும். அது எங்கே நிற்கிறது, அதற்குமேல் மிச்சம் எத்தனை படி என்று கேட்க வேண்டும். வத்திக்கானின் புனித பேதுரு ஆலயக் குவிமாடத்துக்கு மொத்தம் 551 படிகள். மின்தூக்கிக்கான சீட்டு வாங்கினால் ஆலயத்தின் மேல்தளம் வரைதான் அது கொண்டுபோகும். மிச்சம் 320 படிகளை நாம்தான் ஏற வேண்டும், அவற்றையே இறங்கவும் வேண்டும். புளோரன்ஸ் பேராலயக் குவிமாடத்துக்கு 463 படிகள், மின்தூக்கியே இல்லை. ஈபிள் கோபுரத்திலோ உச்சி வரை மின்தூக்கியில் போய்வரலாம். உயரத்தில் ஏறியே ஆக வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் இப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

விமானப் பயணத்துக்கு உதவி கேட்கும்போது, சக்கர நாற்காலி வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். விமான நிறுவனங்கள் இதற்குத் தனித்தனிக் குறியீடுகள் வைத்திருக்கின்றன: நெடுந்தூரம் நடக்க முடியாது ஆனால் படி ஏறுவேன் என்பவருக்கு டபிள்யூ.சி.எச்.ஆர்., படியும் ஏற இயலாது என்பவருக்கு டபிள்யூ.சி.எச்.எஸ். முன்னதைப் பதிவு செய்துவிட்டால், ஓடுபாதைப் பக்கம் தனியே நிற்கும் விமானத்துக்குப் படிக்கட்டு வழியாகவே ஏறச் சொல்வார்கள். பின்னதைப் பதிவு செய்தவரைக் கருவி கொண்டு ஏற்றுவார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இந்த உதவிக்குக் கட்டணம் கிடையாது. 48 மணி நேரத்துக்கு முன் தெரிவித்துவிட வேண்டும்.

நாளைத் திட்டமிடுவதில் என் வழக்கம் எளிது. தவிர்க்கவே முடியாத படிகள் உள்ள இடம் ஏதாவது இருந்தால், அதைக் காலை உணவு முடிந்த கையோடு பார்த்துவிடுகிறேன். அந்த நாளில் வேறு படிகளை வைத்துக்கொள்வதில்லை. மறுநாள் படகும் பேருந்தும் பூங்காவும் மட்டும்தான். நன்றி, வணக்கம்.